சுண்ணாம்பைத் தின்னும் சாம்பல்

சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ இருபது முப்பது வருடம் ஆன அடுக்குமாடிக் குடியிருப்பு எதிலாவது மேல்நிலைத் தொட்டியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கசிவு இருக்கும் இடத்தில் கான்கிரீட்டிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து, காய்ந்து, பொருக்குத் தட்டியிருக்கும். சில இடங்களில் விரல் நீளத்துக்குத் தொங்கவும் செய்யும். வெள்ளையடித்த காலத்து மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கான்கிரீட்டின் உள்ளிருந்தே வந்த சுண்ணாம்பு. சிமெண்ட் இறுகும்போது தானே உண்டாக்கிக்கொள்ளும் கால்சியம் ஹைட்ராக்சைடு, கசியும் தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கல்லாகிவிடுகிறது. ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் காட்டும்.

வீடு கட்டுகிற எல்லோரும் கேட்கும் ஒரு கேள்விக்கு இந்த வெள்ளைப் பொருக்கில் பதில் இருக்கிறது. "பிபிசி சிமெண்ட்ல சாம்பல் கலக்குறாங்களாமே மேஸ்திரி, அது கலப்படம்தானே?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "தளத்துக்கு ஓபிசி வாங்கிடுங்க சார், பூச்சுக்கு பிபிசி போதும்" என்று மேஸ்திரி சொல்வார். ஓபிசி என்பது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட், பிபிசி என்பது அதில் சாம்பல் கலந்த ரகம். முடிச்சூரிலிருந்து மேடவாக்கம் வரை இதுதான் நடைமுறை. சாம்பல் கலப்படம் இல்லை. ஆனால் மேஸ்திரியின் விதியில் பாதி சரி, பாதி தலைகீழ். ஏன் என்று பார்க்க வேண்டுமானால் மூட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் உலையில் சுமார் 1450 டிகிரி சூட்டில் வேகவைத்தால் கிடைப்பது கிளிங்கர். தமிழ்நாட்டுச் சிமெண்டில் பெரும்பங்குக்கு மூலமான அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் அங்கே இருந்த கடலில் படிந்தது. அந்தக் கல்லைச் சுடும்போது அதில் அடைபட்டிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எரிபொருள் விடும் புகையையும் சேர்த்தால், ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு. இதில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவது. அடுப்பை எப்படி மாற்றினாலும் அது குறையாது, கிளிங்கரைக் குறைத்தால்தான் குறையும்.

கிளிங்கரில் முக்கியமாக நான்கு தாதுக்கள் உண்டு. அவற்றில் இரண்டு கால்சியம் சிலிகேட்டுகள்: பாதிக்கு மேல் இருப்பதும் வேகமாக வினைபுரிவதும் அலைட், மெதுவானது பெலைட். மூன்றாவது அலுமினேட், நான்காவது இரும்பு கலந்த ஃபெரைட். தண்ணீர் பட்டதும் முதலில் பாய்ந்து வினைபுரிவது அலுமினேட்தான். அதைத் தன் போக்கில் விட்டால் கலவை சில நிமிடங்களில் சட்டியிலேயே இறுகிவிடும். அதனால்தான் ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சத்தோடு சேர்ந்து அலுமினேட் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகங்களாகி அடங்குகிறது. ஓரிரு மணி நேர அமைதிக்குப் பிறகு அலைட் விழித்துக்கொள்கிறது. கலவை சூடாவது, இறுகுவது, கொத்தனார் மட்டப்பலகையை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவது எல்லாம் இதன் பிறகுதான்.

அலைட்டும் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், வலு தரும் பசை. மணலையும் ஜல்லியையும் கம்பியையும் கட்டிப்பிடித்து நிற்பது அதுதான். இன்னொன்று, நாம் தொட்டிக்கு அடியில் பார்த்த சுண்ணாம்பு. இறுகிய சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சுண்ணாம்பே இருக்கும். அறுகோணத் தகடுகளாக அடுக்கடுக்காகப் படியும் இது வலுவுக்குப் பெரிதாக உதவாது. ஜல்லியை ஒட்டிய மெல்லிய எல்லையில் அதிகமாகச் சேர்ந்து அந்த இடத்தைப் பலவீனமாக்கும். தண்ணீர் ஓடினால் கரைந்து துளையை விட்டுப் போகும். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இது மிகவும் வேண்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேண்டாத இந்தச் சுண்ணாம்புக்குச் சரியான ஒரு சிலிக்காவைக் காட்டினால் என்ன ஆகும் என்பதை மனிதர்கள் வேதியியல் தெரியாமலே கண்டுபிடித்திருந்தார்கள். நேப்பிள்ஸ் பக்கத்திலுள்ள பொட்சுவோலி ஊரின் எரிமலைச் சாம்பலை ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்து கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள். 'போசோலான்' என்ற பொதுப்பெயர் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். நம்மிடம் எரிமலை கிடையாது, செங்கல் சூளை இருந்தது. 1887 முதல் 1895 வரை பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் கலவை சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். அளவான சூட்டில் சுடும்போது களிமண்ணின் படிக ஒழுங்கு குலைந்து, சுண்ணாம்போடு சேரக்கூடிய சிலிக்காவும் அலுமினாவும் வெளிப்படுகின்றன. இன்றைய பிபிசி மூட்டையில் நடப்பதும் இதே வினைதான். சுர்க்கியின் இடத்தில் நிலக்கரிச் சாம்பல் வந்திருக்கிறது, அவ்வளவே.

அந்தச் சாம்பலைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை மாவாக அரைத்து நெருப்புக்குள் ஊதுகிறார்கள். கரி எரிந்துபோகிறது, கரியோடு வந்த களிமண் மட்டும் உருகிச் சிறு துளிகளாகிறது. புகையோடு மேலே போகும் சில விநாடிகளில் துளி குளிர்ந்து, படிகமாக நேரமில்லாமல் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் வைத்தால் வேகவைத்த ஜவ்வரிசி போல வழவழப்பான உருண்டைகள் தெரியும். சில உள்ளே கூடாக இருக்கும், சிலவற்றின் வயிற்றுக்குள் இன்னும் சிறிய உருண்டைகள் அடைந்திருக்கும். புகைபோக்கிக்கு முன்னால் மின்னூட்டத் தகடுகளை வைத்து இவற்றைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைத் தண்ணீரில் கரைத்துக் குட்டையில் விட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணூர்க்காரர்களிடமும் கொசஸ்தலை ஆற்று மீனவர்களிடமும் கேட்க வேண்டும். உலர்ந்த சாம்பலாகச் சிமெண்ட் ஆலைக்குப் போனால், கிளிங்கரில் கணிசமான பங்கை அது மிச்சப்படுத்துகிறது. சாம்பலைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிக்கை 1999 செப்டம்பரில் வந்தது.

நெய்வேலிச் சாம்பல் வேறு ரகம். பழுப்பு நிலக்கரியில் கால்சியம் கூடுதல் என்பதால் அந்தச் சாம்பலிலேயே சுண்ணாம்பு இருக்கும், கொஞ்சம் வேகமாகவும் வினைபுரியும். இந்தியத் தரநிர்ணயமும் இரண்டையும் பிரித்தே பேசுகிறது.

சாம்பல் அடிப்படையிலான பிபிசிக்கு உரிய தரநிர்ணயம் ஐஎஸ் 1489-இன் முதல் பகுதி. அதன்படி சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 50 கிலோ மூட்டையில் ஏழரை கிலோ முதல் பதினேழரை கிலோ வரை. தண்ணீர் ஊற்றிய முதல் நாளில் இந்தச் சாம்பல் அநேகமாக வினையே புரிவதில்லை. அப்படியும் சும்மா இருப்பதில்லை. உருண்டைகள் கலவையை வழுக்கி ஓடவைக்கின்றன. அதே பதத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போதும். ஒவ்வொரு துகளின் மேற்பரப்பும், பசை படிந்து வளர ஓர் இடமாகிறது. மீதியுள்ள கிளிங்கருக்குத் தண்ணீரும் இடமும் தாராளமாகக் கிடைப்பதால், அது தனியாக இருந்தால் வினைபுரிவதைவிட முழுமையாக வினைபுரிகிறது. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தாலும் இதே உதவி கிடைக்கும்.

அடுத்த கட்டம் பொறுமையானது. கிளிங்கரிலுள்ள சோடியம், பொட்டாசியம் காரங்கள் கரைந்து, துளைகளுக்குள் நிற்கும் நீரின் காரத்தன்மை நாளடைவில் பிஎச் 13-ஐத் தாண்டுகிறது. இவ்வளவு கடுமையான காரத்தில்தான் சாம்பல் கண்ணாடி அரிக்கப்பட்டு, சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து வருகின்றன. அவை அங்கே கிடக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையாகின்றன. இந்தப் பசையில் சிலிக்கானோடு ஒப்பிட்டால் கால்சியம் குறைவு, அலுமினியம் கொஞ்சம் கூடுதல். சுண்ணாம்புத் தகடுகள் இருந்த இடத்திலும், தண்ணீர் விட்டுப்போன நுண்துளைகளிலும் இது வளர்ந்து, துளைகளுக்கு இடையிலான வழியை அடைக்கிறது. இது தொடங்க ஒன்றிரண்டு வாரம், தெரியும்படி நடக்க ஒரு மாதம், மூன்று மாதம். 28-ஆம் நாளில் சாம்பலின் சிறு பகுதிதான் செலவாகியிருக்கும்.

எண்களிலும் இது தெரிகிறது. 53 கிரேடு ஓபிசி 3 நாளில் 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல் வலுவாவது காட்ட வேண்டும் என்பது தரநிர்ணயம். பிபிசிக்குக் கேட்கப்படுவது 16, 22, 33. சந்தையில் கிடைக்கும் பிபிசி இந்தக் குறைந்தபட்சத்தைத் தாண்டியே இருக்கும். ஆனாலும் முதல் வாரத்தில் அது பின்தங்குவது நிஜம். மேஸ்திரியின் விதியில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்பதுதான் அவர் கவலை. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாளில் முட்டுகளை எடுக்கலாம் என்று கான்கிரீட்டுக்கான தரநிர்ணயமான ஐஎஸ் 456 சொல்வது ஓபிசிக்கு மட்டும். மற்ற சிமெண்டுக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. ஏழே நாளில் பிரிக்கப்போகிறவர் பிபிசியைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்தான்.

தலைகீழான பாதி பூச்சு. அரை அங்குலப் பூச்சு நம் வெயிலில் காயும் வேகத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். துளைகளுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிமெண்ட் வினை அநேகமாக நின்றுவிடும். மூன்று நாள் தண்ணீர் அடித்து விட்டுவிட்ட பூச்சில் சாம்பலின் இரண்டாம் கட்டம் நடக்கவே போவதில்லை. பிபிசி பூச்சு தேய்க்க நன்றாக வழுக்கும், வெடிப்பு குறையும். அந்த வகையில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாம்பலின் உண்மையான ஆற்றல் தெரிய வேண்டிய இடம் அஸ்திவாரம், பிளிந்த் பீம், சம்ப், தண்ணீர்த் தொட்டி. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மண்ணுக்குள் ஈரம் வற்றுவதே அரிது. அங்கே புதைத்த பிபிசி கான்கிரீட்டுக்கு யாரும் குடத்தில் ஊற்ற வேண்டாம். நிலமே மாதக்கணக்கில் தண்ணீர் கொடுத்து அந்த வினையை முடித்துவைக்கும்.

கடல் பக்கம் போனால் இன்னொரு காரணம் சேர்கிறது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வரிசையில் நிலத்தடி நீரில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐஎஸ் 456. போர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஊற்றும் இடத்தில் இது மீறப்படலாம். வெளியிலிருந்து ஊறிவரும் குளோரைடும் கம்பியை அடைந்தால் அங்கங்கே குழி விழுந்து துருவேறும். சாம்பலோ இரும்பு உலைக் கசடோ சேர்ந்த கான்கிரீட்டில் துளைகள் அடைபட்டிருப்பதால் குளோரைடு நுழைவதே கடினம். நுழைந்ததில் ஒரு பகுதியையும் அலுமினேட்டுகள் ஃப்ரீடல் உப்பு என்ற படிகமாகப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுகிறவர் கசடுச் சிமெண்டைத் தேடி வாங்கினால் அது வீண் செலவு இல்லை.

பின்னால் சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு இப்போது வருவோம். கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. அந்தக் காரத்துக்குக் கையிருப்பு இதே சுண்ணாம்புதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே வந்து சுண்ணாம்பைச் செலவழிக்கிறது. சாம்பல் ஏற்கெனவே சுண்ணாம்பைத் தின்றிருந்தால், அந்த முன்னேற்றத்தைத் தடுக்கக் கையிருப்பு குறைவு. துளைகள் நன்றாக அடைபட்டிருந்தால் இது பெரிய பிரச்சினை ஆகாது. தண்ணீர் விடாமல் காயவிட்ட பிபிசியில் இருபக்கமும் நஷ்டம்: சுண்ணாம்பும் குறைவு, துளையும் திறந்தே இருக்கிறது. பால்கனி விளிம்பும் சன்ஷேடும்தான் இதில் முதலில் அடிபடும். புதிதாக உடைத்த சன்ஷேடு துண்டில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். காரம் உள்ள உட்பகுதி பளீரென்று இளஞ்சிவப்பாகும். வெளி விளிம்பு நிறமே மாறாமல் நிற்கும். நிறம் மாறாத அந்தப் பட்டை கம்பி வரைக்கும் போயிருந்தால், துரு தொடங்க ஈரம் வருவதுதான் பாக்கி.

ஆகவே பிபிசியின் தரம் பாதி ஆலையில் இருக்கிறது, பாதி மொட்டை மாடியில் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீரில் இருக்கிறது. ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் என்கிறது ஐஎஸ் 456. கலவையில் ஊற்றும் தண்ணீர் போதாதா என்றால், கணக்குப்படி போதும். 100 கிலோ சிமெண்டோடு ரசாயனமாகப் பிணைவது 23 கிலோ தண்ணீர், பசையின் நுண்துளைகளில் சிக்குவதையும் சேர்த்தால் சுமார் 40 கிலோ. அது ஆவியாகாமல் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். நம் கோடைச் சூடு சாம்பல் வினையை வேகப்படுத்தும், அது லாபம். அதே சூடு தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரியில்தான் வருகிறது என்பதால் க்யூரிங் ஐந்தாம் நாளே நின்றுபோவதைப் பார்க்கிறோம். செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடித் தளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய 4,700 லிட்டர். ஒரு நாளைக்கு எட்டு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று தாராளமாக வைத்தாலும் 14 நாளுக்கு ஈடுகட்ட 10,400 லிட்டர். மொத்தம் 15,000 லிட்டர் சொச்சம்; 12,000 லிட்டர் டேங்கரில் ஒன்றேகால். ஈரச் சாக்கோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடினால் இன்னும் குறையும். ஒரு தளத்துக்கு ஆகும் கம்பிச் செலவின் முன்னால் இது ஒன்றுமே இல்லை. இதை மிச்சம்பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. போட்ட அன்று மாலையே கடல்காற்றில் மயிரிழை வெடிப்பு விழுகிறதே என்பவர்களும் அன்றே மூடி வைக்க வேண்டும். சாம்பல் கலவையில் மேலே கசிந்து வரும் தண்ணீர் குறைவு, அதனால் மேற்பரப்பு சீக்கிரம் உலர்கிறது.

சாம்பலைச் சார்ந்தே எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பது வேறு கேள்வி. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. உலகம் நிலக்கரியை விடவிட நல்ல சாம்பல் அரிதாகும். அந்த இடத்துக்கு வரக் காத்திருப்பது மறுபடியும் சுட்ட களிமண்தான். கயோலினைட் உள்ள களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும், கிளிங்கருக்கான சூட்டில் ஏறக்குறைய பாதி. பீங்கானுக்கு ஆகும் தூய வெண்களிமண்ணும் தேவையில்லை, நாற்பது சதவீதம் கயோலினைட் இருந்தாலே வேலை செய்யும். இதோடு சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்க்கும் முறைக்கு எல்சி3 என்று பெயர்: கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. சுவிட்சர்லாந்தின் கரேன் ஸ்க்ரிவனர், கியூபாவின் ஃபெர்னாண்டோ மார்டிரெனா குழுக்களோடு சேர்ந்து டெல்லி, சென்னை ஐஐடிகள் இதில் உழைத்தன. இதன் வேதியியல் அழகானது. களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லின் கார்பனேட்டும் சேர்ந்து கார்போஅலுமினேட் படிகங்களாகி, வெறும் நிரப்பியாகக் கிடந்திருக்க வேண்டிய கல்தூளையும் வினைக்குள் இழுத்துக்கொள்கின்றன. எட்ரிங்கைட்டும் கலையாமல் நிலைக்கிறது. சாம்பல் மாதக்கணக்கில் செய்யும் துளையடைப்பை இது முதல் வாரத்திலேயே பெருமளவு முடித்துவிடுகிறது.

கிண்டியிலுள்ள ஐஐடி வளாகத்தில் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு, ராதாகிருஷ்ண பிள்ளை ஆகியோரின் குழு ஓபிசி, சாம்பல் கலந்த சிமெண்ட், எல்சி3 மூன்றிலும் கான்கிரீட் செய்து சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவில், குளோரைடைத் தடுப்பதில் எல்சி3 முன்னே நின்றது. 2023-இல் இதற்கென ஐஎஸ் 18189 என்ற தரநிர்ணயமும் வந்துவிட்டது. இது கடைக்கு வரும்போது, ஏழாம் நாள் வலு இல்லை என்று மேஸ்திரி தயங்க வேண்டியிருக்காது. ஆனால் பாதிக் கிளிங்கர் தரும் சுண்ணாம்பையும் களிமண் வேகமாகத் தின்றுவிடுவதால், இதிலும் காரக் கையிருப்பு குறைவுதான். கடலோரத்தில் இது ஓபிசியை வெல்லும். சேலையூர்ப் பால்கனி விளிம்பில் கம்பிக்கு மேல் போதிய கவர் விட்டு, பத்து நாளாவது நனைத்து வைத்தால்தான் நிற்கும்.